லினக்ஸ் மெதுவாகாது

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் அவருக்குப் பெயர் பென்குவின். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸின் சின்னம் பென்குவின் என்பதால், அந்த லினக்ஸ் பைத்தியத்துக்கு முதலாளி வைத்த பட்டம். தொந்தியும் தத்தித் தத்தி நடக்கிற நடையும் சேர்ந்ததில் பட்டம் நிலைத்துவிட்டது. பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், புதுசு வாங்குங்கள் என்று முதலாளி வாயெடுப்பதற்குள் இவர் குறுக்கே விழுந்து, லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்பார். வருகிற வியாபாரத்தைக் கெடுக்கிற ஆளை எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? வேலை சுத்தமாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார்.

புதிய லினக்ஸ் பதிப்புகள் பழைய மெஷினில் இழுத்துக்கொண்டு ஓடுகின்றனவே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. பெற்ற தாயைப் பழித்தது மாதிரி முகம் சிவந்துவிடும். உங்கள் மெஷினைப் பாருங்கள், நீங்கள் போட்டிருக்கும் குப்பையைப் பாருங்கள், லினக்ஸ் மெதுவாகாது என்பார். இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடும் குழுவிலும் இதே பல்லவிதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வீட்டில் மனைவியிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போனதை அவர் உயிர் கொடுத்துக் கொண்டுவந்தது. அதுதான் அவள் பிழைப்பு. கூட்டங்கள், பேட்டிகள் என்று வருகிற ஒலிப்பதிவுகளைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். சமையலறை வாசலை ஒட்டிப் போட்ட மேசையில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தால், பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் வாக்கியம் திரையில் வந்திருக்கும். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதில் ஓடிய பதிப்புக்கு ஆதரவுக் காலம் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் புதிய பதிப்பைப் போட்டுவிட்டார். அதில் தப்பில்லை. போட்டபிறகு நடந்ததில்தான் எல்லாத் தப்பும்.

திங்கட்கிழமையே ஒலி விக்க ஆரம்பித்தது. அடித்த எழுத்து யோசித்து யோசித்துத் திரைக்கு வந்தது. ரொம்ப இழுக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் மெஷினை அணைத்தார், போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, எத்தனை நொடியில் எழுந்து நிற்கிறது என்று அளந்தார். முன்னைவிட வேகம்! கறுப்புத் திரையில் மெமரி எவ்வளவு மிச்சம் என்றும் காட்டினார். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவரைப் படுக்கவைத்து நாடி பார்த்து அனுப்புவது போலத்தான் இதுவும். அவள் வேலை செய்யும் பக்கத்தைப் பிரவுசரில் அவர் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

பழையதையே திருப்பிப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். பூட்டில்லாத வீட்டில் குடியிருக்க முடியுமா என்றார். திரையின் அலங்காரங்களையெல்லாம் கழற்றி எளிமையாக்கினார், மறுபடி ஸ்டாப்வாட்ச் பிடித்தார், சந்தோஷப்பட்டார். எழுத்து என்னவோ முன்போலவே வந்தது.

அவருடைய அக்கா வந்திருந்த அன்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கும் வயசாகுதுல்ல, கைதான் மெதுவாயிருக்கும்."

அக்காவும் சிரித்தாள். அதன்பிறகு மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். என் மனைவி உங்களுடையதைவிடப் பழைய மெஷினில் புதிய பதிப்பை வைத்து முழுநேர வேலையே செய்கிறாள் என்று குழுவில் பெருமையாக எழுதவும் செய்தார். ஒருநாள் அவள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைவலி போலிருக்கிறது என்று தைலம் வாங்கி வந்து கொடுத்தார். மனுஷன் நல்லவர்தான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

வேலைகள் தாமதமாகப் போயின. உடம்பு சரியில்லையா என்று மேற்பார்வை செய்கிற பெண் முதலில் அக்கறையாகக் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை, பதிவு அனுப்புவதைக் குறைத்தாள், ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டப் போனாள். வீட்டிலேயே உட்கார்ந்து அலுத்துவிட்டது போல என்று அவர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

கடைக்கு விடுமுறை விட்ட ஒருநாள், சும்மா கிடக்கிறதே என்று லேப்டாப்பைத் திறந்தார். அவள் விட்டுப்போன பக்கங்களைப் பிரவுசர் அப்படியே மீட்டுக் கொண்டுவந்தது. பாதியில் நின்ற ஒரு பேட்டி, எழுதும் பக்கம், அகராதி. பேட்டியை ஓடவிட்டு ஒரு வரி அடித்துப் பார்த்தார். அடித்து முடித்துக் கையை எடுத்துவிட்டார், எழுத்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. மெமரி முழுக்க நிரம்பி, உள்ளே ஹார்ட் டிஸ்க் விடாமல் உறுமியது. காரணம் பிரவுசரா, புதிய பதிப்பா என்று வழக்கடிக்க அவரிடம் இப்போதும் வாதம் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரியைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"தப்பு என் மேலதான். மெஷின் ஓடலை."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மெஷின் ஓடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்றதுதான் தெரியாம இருந்துச்சு."

நாளைக்கே கடையிலிருந்து நல்ல மெஷினாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றார். "கொண்டாந்து நீங்களே வெச்சுக்கங்க, எனக்குக் காலையில ஷிஃப்ட்டு" என்று சொல்லிவிட்டு, அவள் கை கழுவ உள்ளே போனாள்.