பிலோமினா அக்கா தேர்ந்தெடுத்த கூட்டம்

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் ரோட்டில் ஒரு மனையை அளந்துகொண்டிருந்தேன். டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை வீடு கட்டப்போகிறவர் கையில். அப்போதுதான் பிலோமினா அக்காவின் கணவர் சவரி அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் எனக்கு நேராகப் போன் செய்ததே இல்லை. எதுவானாலும் அக்காதான் பேசுவார், அவர் பின்னால் நின்று இருமுவார். "உங்கக்கா போயிட்டாம்மா" என்றார். எந்தக் கூட்டத்துக்கு என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இருமல்தான் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டேப்பை விட்டுவிட்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்தேன்.

அழுது ஓய்ந்து எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அக்காவைத் தெரிந்தவர்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள். தர்மபுரியில் பந்தல் சாமானும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடும் பிலோமினாவை உங்களில் பலர் கல்யாண வீட்டில்தான் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது ஓர் ஓட்டல் ஹாலில், காலை ஆறரை மணிக்கு.

தொழில் செய்கிறவர்கள் வாரம் ஒருநாள் கூடி, ஒருவருக்கு ஒருவர் வாடிக்கையாளரைக் காட்டிவிடும் குழுக்கள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டன. ஒவ்வொருவரும் எழுந்து, ஒரு நிமிடத்தில் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். ஒரு தொழிலுக்கு ஓர் ஆளைத்தான் சேர்ப்பார்கள். சேருவதற்கு முன் விருந்தினராக ஒருமுறை வந்து பார்க்கலாம். அன்று அப்படி வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் வெறும் கைப்பையோடு வந்திருந்தேன். அக்கா பெரிய தாம்பாளத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, ஒரு பாக்கெட் மிக்சர் எல்லாம் வைத்து, நேராகத் தலைவரிடம் போய் நீட்டினார். கோட்டு போட்ட தலைவர் அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாலே சிரித்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்காவிடம், எதற்கு இதெல்லாம் என்று மெதுவாகக் கேட்டேன். "விருந்தாளியா வாங்கன்னு கூப்ட்டாங்க. வெறுங்கைய வீசிக்கிட்டு எப்படிப் போறது?" என்றார். நான் என் கைப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

எனக்கு அப்போது சிரிக்கும் நிலைமை இல்லை. ஓசூரில் ஒரு கட்டட அலுவலகத்தில் ஒன்பது வருடம் வரைபடம் வரைந்தேன். திங்கள் முதல் சனி வரை ஹாஸ்டல், ஞாயிறு மட்டும் வீடு. மகள் என்னை விருந்தாளி போலப் பார்க்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு நல்லம்பள்ளியில் ஒரு சின்ன அறையில் சொந்தமாகப் பிளான் வரைய உட்கார்ந்தேன். சித்திரை வரைக்கும் பார்ப்பது, ஆகவில்லை என்றால் மறுபடியும் ஓசூர் என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். விவசாயக் குடும்பத்தில் அதுவே பெரிய தாராளம். மகளிடம் மட்டும் இதை யாரும் சொல்லவில்லை.

அன்று அக்காவின் முறை வந்தபோது மைக்கை வாங்காமலே பேசினார். "நான் பிலோமினாங்க. பந்தல் போடறேன். பென்னாகரத்துக்கு அந்தாண்ட ஒரு வூட்டுல வைகாசில கல்யாணம். வாசலே பாறைங்க, குழி நோண்ட முடியாது. என்னால ஆவல. ஆருக்காச்சும் வழி தெரியுங்களா?" தலைவர் புன்னகையோடு, இங்கே நாம் வெற்றிகளை மட்டும் பகிர்ந்துகொள்வோம் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்து பொங்கலை ரசித்துச் சாப்பிட்டார். கீழே இறங்கியதும், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் போய் இப்படியா சொல்வார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "என்னால ஆவறத போர்டுலயே எழுதி வச்சிருக்கேன். ஆவாதத சொன்னாத்தான் எதுத்தாப்புல இருக்கறது ஆருன்னு தெரியும்."

அதற்கப்புறம் நாங்கள் குழு குழுவாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தோம். அக்காவின் ஸ்கூட்டர், பின்னால் நான், என் மடியில் தாம்பாளம். ஒரு குழுவில் யார் என்ன சொன்னாலும் எழுந்து நின்று மூன்று முறை கைதட்ட வேண்டும். எனக்குச் சட்னி சிந்தியது. இன்னொன்றில் ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்ற விதியே இல்லை; போன மாத்திரத்தில் எங்களைச் சுற்றி நான்கு காப்பீட்டு ஏஜெண்டுகள். அக்கா அவர்களில் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசி, அவர் தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்தார். போன இடமெல்லாம் அந்தப் பாறைப் பந்தலைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார். எங்கேயும் பதில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

மாசி முடியும்போது முதலில் போன ஓட்டல் குழுவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பிளான் வரைகிறவருக்கான இடம் காலியாக இருக்கிறது, உடனே சேருங்கள் என்றார்கள். அக்கா வேண்டாம் என்றார். "அங்க உன் பேரு ஒருத்தருக்காச்சும் தெரியுமா? பிளான் மேடம்னுதான கூப்படறாங்க" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு என்ன, பாத்திரம் தானாக வாடகைக்குப் போகிறது, ஓசூர் பஸ்ஸில் ஏறப்போவது நான்தானே என்று சொல்லிவிட்டேன். அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

சேர்ந்தேன். அங்கே வாரம் ஒருவரையாவது நாம் இன்னொரு உறுப்பினருக்குக் கைகாட்டிவிட வேண்டும் என்பது விதி. மூன்றாவது வாரம் எனக்கு யார் பெயரும் கிடைக்கவில்லை. காது கேட்கும் கருவி விற்பவரிடம் என் மாமியார் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மாமியாருக்குத் தோப்பில் மட்டை விழுந்தால் எந்த மரம் என்று வீட்டிலிருந்தே சொல்லும் காது. கருவிக்காரர் போன் செய்து சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேச, மாமியார் அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கொடுத்த பெயர்களும் அதே கதைதான். ஒருவரை அழைத்தால், கிரகப்பிரவேசம் முடிந்து வருடம் நான்கு ஆகிறது என்றார். இன்னொருவருக்கு மனையே இல்லை. நாற்பது பேர் இருந்த ஹாலில் சித்திரையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற இடமாகவும் அது எனக்குப் படவில்லை.

ஐந்தாவது வாரம் அங்கே போகாமல் அக்காவின் கிடங்குக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அண்டா ஒன்றைத் தூக்க ஆளில்லாமல் நின்ற அக்கா என்னைப் பார்த்ததும், "அந்தக் காதப் புடி" என்றார். பிடித்தேன். ஏழு அண்டாக்கள் ஏற்றி முடித்தபோது எங்கள் சண்டை முடிந்திருந்தது. அந்தக் குழுவைப் பற்றி நான் நொட்டை சொல்ல ஆரம்பித்ததும் தடுத்துவிட்டார். "அது கெட்ட கூட்டமில்ல சுமதி. நமக்கான கூட்டமில்ல, அவ்ளோதான்." உண்மைதான். எங்கள் காப்பீட்டு ஏஜெண்ட் பிறகு அதில் சேர்ந்து, இன்றைக்கு அங்கே ராஜா மாதிரி இருக்கிறார்.

கம்பைநல்லூர் கூட்டத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னது ஒரு வெல்டர். உரக்கடை மாடியில் சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கூடுவார்கள். டீயும் போண்டாவும் மட்டும்தான். மைக் கிடையாது, கோட்டும் கிடையாது. தாம்பாளத்தை நீட்டினால் ஓர் அம்மா சட்டென்று வாங்கி, பழத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிக்சரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, பாறைப் பந்தலைச் சொன்னார்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று வெல்டர் கேட்டார். டிரம்மில் மண் நிரப்பிக் கம்பத்தை நடலாம் என்றார் ஒருவர், காற்றுக்கு நிற்காது என்றார் இன்னொருவர். மூலையிலிருந்த பல் டாக்டர் போண்டாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஆடற பல்லப் பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டிடுவோங்க. நாலும் சேந்தா நின்னுக்கும். கம்பத்த அடியில ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டா என்ன?" வெல்டர் அங்கேயே சுவரில் கரியால் சட்டத்தை வரைந்து காட்டினார். உரக்கடைக்காரர் தன் சுவர் போனதைப் பற்றிப் பேசாமல், மூலைக்கு ஒரு குறுக்குக் கம்பி வேண்டும் என்றார். வைகாசியில் அந்தப் பந்தல் பாறை மேல் ஆடாமல் நின்றது.

அடுத்து என் முறை. பேசுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டேன். நான் வரையும் பிளான் யாருக்கும் புரிவதில்லை, தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை, சித்திரையோடு கடையை மூடிவிட்டு ஓசூர் போக வேண்டும், மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்று கொட்டிவிட்டேன். மிக்சர் வைத்திருந்த அம்மா, தங்கள் வீட்டுப் பிளானும் பீரோவில்தான் கிடக்கிறது, தனக்கும் புரியவில்லை என்றார். பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் அவருடையது. தரையில் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். பந்தலுக்கு நாங்கள் சுண்ணாம்புத் தூளில்தானே போடுகிறோம் என்று அக்கா எழுந்துவிட்டார். அன்றைக்கே அவர்கள் காட்டில், அறுத்த கேழ்வரகுத் தாளுக்கு நடுவே, முழு அளவில் அந்த வீட்டைக் கோடு போட்டேன். அந்த அம்மா வாசல் வழியாக உள்ளே போனார். சமையலறையில் நின்று, இல்லாத ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, கதவு சுவரில் இடிக்கிறது என்றார். அவர் கணவர் படுக்கையறையில் போய்ப் படுத்தே பார்த்தார். கோட்டை அழித்து அழித்துப் போட்டோம். குழுவில் பாதிப் பேர் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தச் சித்திரையில் எனக்குக் கையில் மூன்று வீடுகள் இருந்தன. ஓசூருக்கு நான் போகவில்லை. பிளானைத் தரையில் போட்டுக் காட்டுகிறவள் என்றுதான் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள்.

அக்காவின் அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் பந்தல் போட அவருடைய ஆட்கள் வந்தார்கள். பல் டாக்டர் அவர்களைத் தடுத்து, இன்றைக்கு நீங்கள் வீட்டு மனிதர்கள், உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார். கம்பைநல்லூர்க் கூட்டமே சேர்ந்து பந்தல் கட்டியது. கோடு போட்டது நான். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் கோணிவிட்டது. அந்தக் கோட்டிலேயே கட்டி, பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜெபம் சொல்ல வந்த சாமியார் தலையைக் குனிந்து நுழைய வேண்டியதாயிற்று. ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். சவரி அண்ணன்தான் சொன்னார். "அவ எந்திரிச்சா மொத வேலையா இதப் பிரிச்சிடுவா." அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்காவுக்குப் பிடித்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நான் கம்பைநல்லூர் போகவில்லை. காலையில் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், இன்றைக்கு என்னால் வர முடியாது என்று மட்டும் போட்டுவிட்டு, ஆபீசைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் பதில் போடவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பத்தேகாலுக்கு அக்கா கடையின் மினி லாரி வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் சவரி அண்ணன். பின்னால் வாடகை நாற்காலிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும். பல் டாக்டர் மட்டும் காரில், மடியில் போண்டாப் பொட்டலத்தோடு. என் அறையில் இடம் போதவில்லை. பாதிப் பேர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. டீ மட்டும் கொடுத்தார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன். என் மகளின் பெயர் தெரிந்த பதினாறு பேர். முடியவில்லை என்று எழுதினால் பதில் போடாமல் கிளம்பி வருகிறவர்கள்.

அன்று யார் முதலில் பேசுவது என்று டாக்டர் கேட்டபோது, இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத சவரி அண்ணன் எழுந்து நின்றார். "நான் சவரிங்க. பந்தல் போடறேன். ஆடர் கேட்டு வர்றவங்ககிட்டப் பேச எனக்கு வரலீங்க. என்னால ஆவல." நான் கை தூக்குவதற்குள் எனக்கு முன்னால் நான்கு கைகள் எழுந்துவிட்டன.