யானைக்கு நீட்டிய வாழைப்பழம்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஓய்வுபெற்று வாழ்பவன் நான். சென்ற ஆண்டு என் மகள் சுபா என்னைத் தன்சானியாவுக்குக் காட்டு விலங்குகள் பார்க்க அழைத்துப் போனாள். எங்கள் ஜீப் ஒரு யானைக்கும் கன்றுக்கும் அருகே நின்றது. இலங்கையில் கதிர்காமம் போகும் காட்டு வழியில், வாகனத்தில் இருந்தபடியே யானைகளுக்குப் பழம் கொடுத்துப் பழகியவன் நான். ஓட்டுநர் வேறு பக்கம் பார்த்த நேரத்தில் ஒரு வாழைப்பழத்தை வெளியே நீட்டினேன்.

"அப்பா, கையை உள்ள எடுங்கோ!"

"சும்மா இரு பிள்ளை. யானையைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறியோ?"

அடுத்த கணம் யானை காதுகளை விரித்துப் பாய்ந்தது. தந்தம் கதவைத் துளைத்து, சுபாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து எங்களைக் காப்பாற்றினார்.

நாங்கள் தங்கியிருந்த முகாமில், யானையை மிகவும் நெருங்கிவிட்டதாக மேலாளர் ஓட்டுநரைத்தான் ஏசினார். படித்த மனிதனாகிய நான், பழம் நீட்டியதைச் சொல்லாமல் அங்கிருந்து நழுவினேன்.

"அந்த மனுசன்ர வேலை போனால் என்ன செய்வியள் அப்பா?" என்றாள் சுபா.

வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே மேலாளரிடம் திரும்பிச் சென்று உண்மையைச் சொன்னேன். ஓட்டுநரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இந்த ஆண்டும் போய் வந்தோம். ஜீப்பில் ஏறுமுன் என் சாப்பாட்டுப் பையை அதே ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, "நீங்கள் சொல்வதை மட்டும் செய்வேன்" என்றேன். அப்படியே செய்தேன்.