இன்னும் இரண்டு பக்கம்தானே!

போன மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து இருபது. கிளிநொச்சியில் ரியூசன் முடித்து என் மகள் ஏறிவரும் முல்லைத்தீவு பஸ், நான் காத்துநின்ற முரசுமோட்டைத் தரிப்பிடத்தில் நிற்காமலே போனது. தவறவிட்டிருப்பாள், அடுத்ததில் வருவாள் என்று நின்றேன். அடுத்ததும் வந்தது. அவள் வரவில்லை.

மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். கொடுத்த குறிப்பை வரி தவறாமல் ஒப்பிப்பாள். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் முழிப்பாள். அந்தக் கவலையில்தான் அலுமாரியிலிருந்து ஒரு நகைச்சுவை எழுத்தாளரின் கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருந்தேன். முதலில் சிரிக்க வைத்து, பிறகு எதற்காகச் சிரித்தோம் என்று யோசிக்க வைக்கும் மனிதர் அவர்.

"இது சோதினைக்கு வருமோ அம்மா?"

"வராது. ஆனா மூளை வேலை செய்யும். பஸ்ஸில சும்மாதானே இருக்கிறாய், வாசி."

இருட்டத் தொடங்கியதும் கணவர் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு ஓடினார். அங்கிருந்து அழைத்தார். "பஸ்ஸில ஏறினதைக் கூடப் படிக்கிற பிள்ளை கண்டிருக்குது. அங்க வந்திட்டாளோ?"

"இன்னும் வரேல்லை" என்றேன். காணேல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு தாய் அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கினால் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும் என்பதை, போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பக்கத்துக் கடைக்காரர் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். "இருங்கோ அக்கா, பஸ் எங்கையாவது பழுதாகி நிண்டிருக்கும்." இருக்க முடியவில்லை. கிளிநொச்சி பஸ் வரவேண்டிய பரந்தன் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பஸ் என் முதுகுப் பக்கமாக, எங்கள் ஊரையும் தாண்டியிருக்கும் விசுவமடுவிலிருந்து வந்து நின்றது. மகள் இறங்கினாள். அவளுடைய தோளைப் பிடித்தபடி, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணியும் இறங்கினார். மகளை அணைப்பதா அறைவதா என்று தெரியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

அவர் குறுக்கே வந்தார். "பிள்ளைக்கு ஏசாதேங்கோ தங்கச்சி. பிழை என்னில."

முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்தவர். கண் கிளினிக்குக்கு வந்து திரும்பும் வழியில் மகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். "தனிய இருந்து சிரிச்சுக்கொண்டு வந்தாள். எனக்கும் சொல்லன் பிள்ளை எண்டன். வாசிச்சாள். எழும்பப் போனவளை நான்தான், இன்னும் ரெண்டு பக்கம்தானே, முடிச்சுப்போட்டு இறங்கு எண்டு இருத்தினனான். ரெண்டு பேரும் நிமிந்து பாக்க விசுவமடு!"

மகளிடம் போன் இல்லை; அவருடைய போனில் சார்ஜ் இல்லை. வேறொருவரின் போனை வாங்கியும் பயனில்லை. பாடமெல்லாம் ஒப்பிக்கும் என் மகளுக்கு எங்கள் இலக்கம் ஞாபகம் வரவில்லை. பிள்ளையைத் தனியே திருப்பி அனுப்ப மனமில்லாமல், தன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, அந்தக் கண்ணோடு கூடவே வந்திருக்கிறார்.

நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையை நிறுத்தத்தானோ என்னவோ, கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒரே பாலத்தை மூன்று முறை திறந்துவைத்த ஊரின் கதை அது. பாலத்துக்குக் கீழே ஆறுதான் இல்லை.

"சிரிச்சு முடிஞ்சு யோசிச்சுப் பாத்தன், தங்கச்சி. எங்கட பக்கத்திலயும் ஒரு கட்டடத்தை ரெண்டு தரம் திறந்தவை. ரெண்டு தரமும் நான் முன்வரிசையில இருந்து கை தட்டினனான்! இந்த மனுசன் வேற என்ன எழுதியிருக்கிறார்? எழுதித் தாங்கோ, என்ர மகளிட்டச் சொல்லி எடுப்பிக்கிறன்."

இப்போதும் பஸ் கொஞ்சம் பிந்தினால் எனக்கு நெஞ்சு அடிக்கிறது; என்றாலும் அவளுடைய பையில் அடுத்த புத்தகத்தை நானேதான் வைத்து அனுப்புகிறேன்.