கடைசி எண்

பெங்களூரு ஈஜிபுராவில் அந்த ஜெராக்ஸ் கடைக்காரரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார். ஒவ்வொரு முறை எண்டர் தட்டும் முன்னும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

எனக்கு முன்னால் நின்ற பெண், மகளின் உதவித்தொகை விண்ணப்ப ரசீதைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

“ஸ்வல்ப இருங்கம்மா. நேத்து நம்ம கடைலதானே போட்டோம்?”

முந்தின நாள் போட்ட வேறு யாருடைய ரசீதையோ திறந்து, அதன் இணைய முகவரியில் கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றினார். தளம் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. முன்பின் தெரியாதவர்களின் முகங்கள், ஆதார் எண்கள், வீட்டு விலாசங்கள் வரிசையாகத் திறந்தன. ஏழாவது ரசீதின் புகைப்படத்தில் அந்தப் பெண்ணின் மகள் சிரித்தாள்.

அந்தத் தளத்தில் கோப்புகளை வாங்கி ரசீது தயாரிக்கும் பகுதியை எழுதியவன் நான்.

“இப்படி யாரோடதை வேணும்னாலும் பாக்கலாமா?” என்றேன்.

“ஆமா சார். பாஸ்வேர்டு மறந்துட்டு வர்ற ஜனங்களுக்குன்னே தொறந்து வெச்சிருக்கான். யாரோ புண்ணியவான்.”

அன்றே அந்த வழியை அடைத்துவிட்டேன். அதன் பிறகு அவருடைய தெருப் பக்கம் நான் போனதில்லை.