உயிரோடிருந்த அன்ரனெற்றுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

அன்ரனெற் செத்துப்போன செய்தி, ரொறொன்ரோவிலேயே கடைசியாக அன்ரனெற்றுக்குத்தான் கிடைத்தது.

அன்று வியாழக்கிழமை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை அவளுக்கு. விடிய ஐந்து மணிக்குப் போனால் பின்னேரம் இரண்டு மணிக்கு விடுவார்கள். கைப்பேசியை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வேலை முடிந்து அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டவள், திறந்தும் பார்க்கவில்லை. 401 நெடுஞ்சாலையில் கொட்டாவி விட்டபடி ஊர்ந்து ஸ்காபரோவுக்கு வந்து, ஒரு கட்டு வல்லாரை வாங்கலாம் என்று வழமையான தமிழ்க் கடைக்குள் நுழைந்தாள்.

காசு வாங்கும் இடத்தில் நின்ற பிரதீபா நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த தயிர் வாளி நழுவி நிலமெல்லாம் தயிர். "அன்ரி... நீங்கள்..." என்றாள். கதவை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள்.

அந்தக் கதவில் எந்த நாளும் யாராவது ஒட்டப்பட்டிருப்பார்கள். முப்பத்தோராம் நாள், ஓராண்டு நினைவு, துயர் பகிர்வு என்று ஒருவரை உரித்ததும் மற்றவர் ஏறுவார். அதனாலேயே அன்ரனெற் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டு வருசக்கணக்காகிறது. இப்போது திரும்பிப் போய்ப் பார்த்தாள். கறுப்புக் கரை போட்ட தாள். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் அவளுடைய படம், போன நத்தார்ப் பண்டிகைக்கு ஊதாச் சேலையோடு எடுத்தது. கீழே 'இறுதி மரியாதை: சனிக்கிழமை மாலை 6 மணி' என்று, ஒரு மண்டபத்தின் முகவரியோடு.

கதவைப் பிடித்துக்கொண்டாள். 401இல் தனக்கு உண்மையாகவே ஏதும் நடந்து, அது தெரியாமல் தான் வல்லாரை வாங்க வந்து நிற்கிறேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அது அடித்துக்கொண்டுதான் இருந்தது, வழமையைவிட மும்மடங்காக.

தாளின் ஆக அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் இரண்டு வரி இருந்ததைப் பிறகுதான் கண்டாள். 'தகப்பன் கைவிட்ட பிறோட்வே நடிகை எடித் ஆக அன்ரனெற் நடிக்கும் நாடகம். எழுத்து, நெறியாள்கை: சண்முகநாதன்.'

அங்கேயே நின்று கைப்பேசியில் சண்முகநாதனுக்கு அடித்தாள்.

"தங்கச்சி! பாத்தனியோ?" அவருடைய குரலில் அவ்வளவு பெருமை. "எப்பிடி விளம்பரம்? இருபத்தெட்டுக் கடையில ஒட்டுவிச்சிருக்கிறன். பிறம்ரனுக்கும் ஆள் அனுப்பினனான்."

"அண்ணை, என்னை உயிரோட சாக்காட்டிப் போட்டீங்களே!"

"ஏன்? கீழ தெளிவாப் போட்டிருக்குத்தானே, நாடகம் எண்டு. வாசிச்சா விளங்கும்."

"எங்கட சனம் எப்ப அண்ணை கீழ வாசிச்சது?"

சண்முகநாதன் நல்ல மனிசன். பகலில் வருமான வரிப் பத்திரம் நிரப்புகிறவர், மற்ற நேரமெல்லாம் நாடகம். இந்தக் கதையை ஒன்றரை வருசம் இருந்து தன் கற்பனையில் எழுதினார். நூறு வருசத்துக்கும் முன்னே ஹமில்ரனில் கம்பளி ஆலைத் தொழிலாளி ஒருவனின் மகள் எடித், பதினாறு வயதில் நியூயோர்க்குக்கு ரயில் ஏறுகிறாள். முதல் இரண்டு வருசம் மேடையில் தேநீர்த் தட்டு ஏந்தி வருவது மட்டும்தான் அவளுக்கு வேடம். பிறகு ஒரு வரி வசனம், பிறகு ஒரு காட்சி, பிறகு நாடக அரங்குகள் நிறைந்த பிறோட்வே தெருவில் மின்விளக்கில் அவளுடைய பெயர். அந்தக் கிழமையே, அவளுடைய தகப்பன் ஹமில்ரன் பத்திரிகையில் 'என் மகள் இறந்துவிட்டாள்' என்று அறிவித்தல் போடுகிறான். பதினான்கு வருசம் அவள் ராணியாகவும் பிச்சைக்காரியாகவும் அங்கே நடிக்கிறாள். தகப்பன் ஒரு நாள்கூட வரவில்லை. அந்தப் பத்திரிகை அறிவித்தலை நம்முடைய சனத்துக்கு விளங்குகிற மாதிரிச் செய்கிறேன் என்று புறப்பட்டுத்தான் மனிசன் இந்தக் கூத்தை ஆடியிருக்கிறார்.

ஒத்திகையின் முதல் நாள் அன்ரனெற் அந்தக் கதையைக் கேட்டு வாயடைத்துப் போனாள். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் அது அவளுடைய கதை.

அவள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கனடாவுக்கு வந்தாள். கல்யாணம் கட்டினாள், ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள், ஆறு வருசத்துக்கு முன்னே கணவனைச் சாகக் கொடுத்தாள். மேடைக்கு வந்தது தற்செயல். 2003இல் கோயில் மண்டபத்தில் ஒரு நாடகம். கதாநாயகியாக நடிக்கவிருந்தவளுக்கு அன்று காய்ச்சல். சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அன்ரனெற்றை இழுத்துக்கொண்டு வந்து, மா ஒட்டிய கையோடு மேடையில் ஏற்றிவிட்டார்கள். வசனம் பாதி மறந்தது. ஆனால் அவள் அழுதபோது மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. ஒரு ஆளைத் தவிர.

அந்த ஒரு ஆள் அவளுடைய அப்பா நீக்கிலாப்பிள்ளை. மேடையில் கணவனாக நடித்தவன் அவளுடைய கையைப் பிடித்ததும் எழும்பினார். ஊரிலிருந்து வந்த இருபது குடும்பங்களுக்கு முன்னால், "இனி இவள் மேடையில நிக்கிற இடத்துக்கு நான் வரமாட்டன். வந்தால் இவளின்ர செத்தவீட்டுக்குத்தான் வருவன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். இதில் வயிறு எரிகிற விசயம் என்னவென்றால், இந்த நீக்கிலாப்பிள்ளை இளமையில் அந்தோனியார் பெருநாளுக்குப் போடும் கூத்தில் இராணி வேடம் கட்டியவர். சேலை உடுத்து, கொண்டை வைத்து, ஏழு வருசம். அவர் அழுதால் கடற்கரையெல்லாம் அழும் என்பார்கள். ஆம்பிளை பெண்ணாக நிற்கலாம், பெண் பெண்ணாக நின்றால் குடும்ப மானம் போய்விடும். இது என்ன நியாயமோ!

அதோடு மகளோடு கதைப்பதை நிறுத்தினார். பிறம்ரனில் மகன் அருள்நாயகத்தோடு இருக்கிறார், வயது எண்பத்தாறு. நத்தாருக்கு அவள் போனால், அவளைப் பார்க்காமலே மகனிடம், "உன்ர அக்காவைச் சாப்பிடச் சொல்லு" என்பார். இருபத்திரண்டு வருசத்தில் அன்ரனெற் முப்பத்தொரு நாடகம் நடித்தாள். முப்பத்தொரு முறையும் முதல் வரிசைக்கு ஒரு ரிக்கற் பிறம்ரனுக்கு அனுப்பினாள். முப்பத்தொரு முறையும் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. அவளுக்கு விருது ஆசை, பொன்னாடை ஆசை ஒன்றும் இல்லை. சாவதற்கு முன் அப்பா ஒரு முறை வந்து அந்தக் கதிரையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அவருக்கோ இதயத்தில் இரண்டு குழாய் வைத்திருக்கிறது. இனி எத்தனை நாடகம் மிச்சம் என்று யார் கண்டது?

அவரோடு கதைத்து முடித்த பிறகுதான் கைப்பேசியின் திரையைச் சரியாகப் பார்த்தாள். தவறிய அழைப்புகள் எழுபத்துமூன்று. வட்ஸ்அப்பில் அவளுடைய படம் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அடி இரண்டு வரியையும் வெட்டிவிட்டு அனுப்பியிருந்தான். 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆத்மா சாந்தியடைக' என்று கைகூப்பிய படங்கள். போன மாதம் அவளோடு சண்டை பிடித்த ஒருத்தி, 'தங்கமான மனம்' என்று எழுதியிருந்தாள்.

விட்பியில் இருக்கும் மகள் நிரோஷினிக்கு முதலில் அடித்தாள். அந்தப் பக்கம் ஒரே அலறல். "மம்மி! Oh my God, மம்மி! நான் ஹொஸ்பிற்றல் ஹொஸ்பிற்றலா கோல் பண்ணிக்கொண்டு இருக்கிறன். Are you okay?"

"நான் நல்லா இருக்கிறன் பிள்ளை. அது நாடகம். அழாதை."

சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. பிறம்ரனுக்கும் ஒட்டியிருக்கிறார்களே! உடனே அருள்நாயகத்துக்கு அடித்தாள்.

"அக்கா, உனக்குக் காலமை தொடக்கம் அடிக்கிறன்," என்றான் அவன், ரகசியக் குரலில். "நான் முழுக்க வாசிச்சனான், நாடகம் எண்டு எனக்குத் தெரியும்."

"அப்பாவுக்குச் சொன்னியோ?"

அவன் எங்கோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"அருள், அப்பாவுக்குச் சொன்னியோ இல்லையோ?"

"காலமை பத்திரிகை எடுக்கக் கடைக்குப் போனவர். அங்க கண்டிருக்கிறார். வந்த நேரம் தொடக்கம் அழுகிறார் அக்கா. உன்ர பேரைச் சொல்லி அழுகிறார். அவற்ர வாயில உன்ர பேர் வந்து எத்தினை வருசம்! சனிக்கிழமை தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, வெள்ளைச் சேட்டை எடுத்துச் சுருக்கெடுத்து மினுக்கி வைச்சிட்டார். நாடகம் எண்டால் வரமாட்டார்... அதுதான்... சனிக்கிழமை வரைக்கும் இப்பிடியே விடுவமோ எண்டு..."

அன்ரனெற் கடைக்கு வெளியே இருந்த சாமான் வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் நெஞ்சழுத்தத்தை நினைத்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் வந்தது. 'வரட்டுமே' என்று அவளுடைய மனமே சொன்னது. முதல் வரிசையில், அந்தக் கதிரையில், வெள்ளைச் சேட்டோடு அப்பா. சீ, இதென்ன மனம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிள்ளை செத்துவிட்டதென்று நம்பி ஒரு கிழவன் இரண்டு நாள் அழுவதா? இடையில் அந்த இதயம் நின்றுவிட்டால்? வல்லாரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று காரை எடுத்து, வந்த 401இலேயே திரும்ப மேற்கே ஓடினாள்.

பிறம்ரனில் தம்பி வீட்டு வாசலில் ஐந்தாறு கார்கள் நின்றன. முன் யன்னலால் பார்த்தாள். வரவேற்பறை நிறையச் சனம், அவளுடைய சாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்! தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்கதவால் போனால் அவர்களில் ஒருவராவது மாரடைப்பில் போவது நிச்சயம். பக்கக் கதவு பூட்டியிருக்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு கீழே, நிலவறையில் இருக்கும் அப்பாவின் அறைக்குப் படியிறங்கினாள்.

நீக்கிலாப்பிள்ளை கட்டிலில், கையில் செபமாலையோடு இருந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. அவளைக் கண்டார். கத்தவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரும் வருகிறார்களோ என்று எட்டிப் பார்த்தார்.

"கதவைச் சாத்து," என்றார்.

இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அவளிடம் நேரே சொன்ன முதல் சொல். அவள் சாத்தினாள்.

"அப்பா, நான் சாகேல்லை அப்பா. அது நாடகத்துக்கு அடிச்ச நோட்டீஸ். நீங்கள் அழாதைங்கோ..."

"எனக்கு வாசிக்கத் தெரியும்."

சேட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். கடைக் கதவிலிருந்து உரித்தது, நாலு மூலையிலும் ஒட்டுநாடா தொங்கியது. அடியில் இருந்த இரண்டு வரியில் விரலை வைத்தார். "உதையும் வாசிச்சுப்போட்டுத்தான் அழத் தொடங்கினனான்."

அன்ரனெற் நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். "அப்ப என்னத்துக்கு அப்பா...?"

"ஊரைக் கூட்டி ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டன். பிறகு அதை எப்பிடி விழுங்கிறது?" அவர் குரலைத் தாழ்த்திச் சீறினார். "நீ ரிக்கற் அனுப்புவாய். நான் சேட்டைப் போட்டுக்கொண்டு உந்தக் கட்டில்ல இருப்பன். முப்பத்தொரு தரம் இருந்தனான். இப்ப ஆரோ ஒரு விசரன் உனக்குச் செத்தவீடு வைச்சிருக்கிறான், நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு. நான் போனால் ஒருத்தனும் ஒரு கதை கதைக்கேலாது. அதுக்காகக் காலமை தொடக்கம் நெஞ்சு நோக அழுதுகொண்டிருக்கிறன். நீ உயிரோட வந்து நிக்கிறாய்!"

முப்பத்தொன்று. இவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"உந்தப் பெட்டையின்ர தேப்பன்," என்றார் அவர், தாளைப் பார்த்தபடி. "கடைசியிலயாவது வாறானோ?"

"எடித்தின்ர அப்பாவோ? இல்லை அப்பா. வரேல்லை."

"விசர்க் கதை," என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, எழும்பு. நான் உன்னைக் காணேல்லை. வந்த கதவால போ. சனிக்கிழமை வரைக்கும் ஒருத்தற்ர கண்ணிலயும் படாதை."

அவள் எழும்பினாள். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் படியேறி வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

காரின் கைபிடியில் கை வைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நிலவறை யன்னலால், அவளுடைய பெயரைச் சொல்லி, "என்ர குஞ்சு, நான் வராமல் இருந்திட்டனேயடி" என்று ஒரு ஓலம். மேலே வரவேற்பறையில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றது. இருபத்திரண்டு வருசம் மேடையில் அழுது தொழில் பழகியவள் அவள். எந்த அழுகை நடிப்பு, எந்த அழுகை உண்மை என்று மூன்றாம் வரிசையில் இருந்தே சொல்லுவாள். இந்த அழுகையை அவளால் சொல்ல முடியவில்லை.