மூக்கருகே ஒரு விரல்

கூட்டேரிப்பட்டு முனையில் கொய்யா விற்கும் தையல்நாயகிக்கு, மகள் சங்கவி பகலில் கண்ணயர்ந்தாலும் பயம்தான். மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வலிப்பு உள்ள சிலருக்குத் தூக்கத்திலேயே உயிர் போய்விடுவதுண்டு, மாத்திரையை விட்டால் ஆபத்து கூடும் என்று விழுப்புரத்து டாக்டரம்மா சொன்னதிலிருந்து இப்படித்தான்.

ஆடிக் கிருத்திகையன்று மயிலம் மலைப்படியில் சங்கவிக்கு வலிப்பு வந்தது. யாரோ ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். தையல்நாயகி அதைப் பிடுங்கி எறிந்தாள். அவர் முறைத்தார், முறைத்தால் முறைக்கட்டும்.

"இரும்பு வாணாம், நகருங்க, காத்து வரட்டும்!"

மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, செல்போனில் மணி பார்த்தாள். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிடமாகியும் உதறல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது.

"யாராவது ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க, ஜல்தியா!" என்று அலறினாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே உடம்பு தளர்ந்தது.

"காலை மாத்திரை போட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாளும் தவற மாட்டா சார்."

சாயங்காலம் சங்கவி கண் விழித்தாள். தையல்நாயகி மெல்லக் கேட்டாள்: "காலையில மாத்திரை போட்டியாடி?"

"இல்லம்மா. எனக்கு வலிப்பு நிக்கணும்னு வேண்டிக்கினு, இன்னிக்கு விரதம், தண்ணிகூட வாயில வைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

தையல்நாயகி விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சு வந்தது. ஆனாலும் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.