மருந்துக்கடை வனிலா

ஜோன்-தலோன் வீதியில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள மருந்துக்கடையில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள் என்பது இந்த மொன்ட்ரியால் நகரத்தில் யாருக்கும் புதினமில்லை. இங்கே மருந்துக்கடைக்குள் போனால் மருந்து கடைசியில்தான் வரும். வாசலில் வாழ்த்து அட்டைகள், அடுத்து ஷாம்பு, குழந்தைகளின் டயப்பர், பிஸ்கட், பால். மருந்தாளர் கடையின் பின்சுவரோடு ஒரு படி உயர்ந்த மேடையில் நிற்பார். பாலுக்கும் சிப்ஸ் பொதிகளுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு பிறீசர். ஒரே பெயரில் பல கிளைகள் வைத்திருக்கும் அந்தக் கடைச் சங்கிலி தன் சொந்த முத்திரையில் விற்கும் ஐஸ்கிரீம் அதற்குள் இருக்கும்.

எது எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று கவனிப்பது என் பழக்கம். ஆனி மாதத்தில், கோடை தொடங்கும் சென்-ஜோன் விடுமுறையை ஒட்டி, அந்தப் பிறீசர் விளிம்பு வரை நிரம்பும். ஐப்பசியில் வற்றத் தொடங்கும். முன்பு வட்டமாக இருந்த பெட்டி, பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு நீள்சதுரமாயிற்று. வனிலா, சொக்லேட், பிஸ்கட் துண்டு போட்டது என்று மூன்று வகை. சுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இனிக்கும், குளிரும்.

சென்ற கோடையில் அண்ணைக்குத் தொண்டையில் கதிர்ச் சிகிச்சை நடந்தது. அண்ணையும் அண்ணியும் கீழ்வீட்டில் இருக்கிறார்கள், நான் மேல்வீட்டில். சபனெல் பக்கம் உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர் அண்ணை. சிகிச்சை ஆவணியில் முடிந்தது. நோய் போய்விட்டது என்றார்கள். ஆனால் விழுங்குவது திரும்பி வரவில்லை. சோறு தொண்டையில் நின்றது. பழச்சாறு எரித்தது. பால் சளியாகக் கட்டியது. நாக்கில் ருசி என்பதே இல்லை. குளிரும் சூடும் மட்டும்தான் தெரியும் என்றார். அண்ணி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தும் ஒன்றும் இறங்காத ஒரு நாளில், மருந்து எடுக்கப் போன நான் இந்த வனிலாப் பெட்டியையும் வாங்கி வந்தேன். அது இறங்கியது. அதற்குப் பிறகு அண்ணை பெரும்பாலும் அதில்தான் இருந்தார்.

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்த பெண்மணி ஐஸ்கிரீமுக்குச் சம்மதித்தார். எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள் என்றார். ஆனால் அண்ணையின் உடல் நிறை குறைந்துகொண்டே வந்தது. புரட்டாதிக் கடைசியில் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஐப்பசி நடுவில் ஒரு வியாழக்கிழமை திரும்ப நிறை பார்ப்போம், இன்னும் குறைந்திருந்தால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டி வரும்.

அண்ணைக்கு ஊசிக்கோ கத்திக்கோ பயமில்லை. இந்தக் குழாய்க்குப் பயம். தொழிற்சாலையில் அவரோடு நின்ற ஒருவருக்கு அப்படி வைத்தார்கள். அந்த மனிதர் பிறகு வாயால் ஒன்றுமே சாப்பிடவில்லை.

"அந்த ரியூப்பை வைச்சா எனக்கு விழுங்கிறது மறந்துபோம், தம்பி," என்றார். அப்போது அவர் குரல் காற்றும் கரகரப்புமாகத்தான் வரும். கிட்டப் போய்க் கேட்க வேண்டும்.

அந்த வியாழனுக்கு எட்டு நாள் முந்தி, புதன்கிழமை, கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாள் விரதம், அடுத்த செவ்வாய் அதை முடிக்கும் பாறணை. அகதி வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருந்த ஐப்பசியில் நேர்ந்துகொண்டு தொடங்கியவர் அண்ணை. அன்றிலிருந்து விட்டதில்லை. ஆறு நாளும் பாலும் பழமும்தான். இந்த முறை பிடிக்க மாட்டார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தீபாவளிக்கு முதல்நாள் அண்ணி பிறீசரைத் துப்புரவாக்கத் தொடங்கினா. மீனும் இறாலும் ஆட்டிறைச்சியும் பையில் கட்டப்பட்டு என் வீட்டுக்கு ஏறின.

"என்ன அண்ணி இது?"

"உங்கட கொண்ணை விரதம் பிடிக்கப்போறாராம்."

"பிடிக்கிறதோ? எதை விட்டிட்டு எதைப் பிடிக்கிறது? பாலே இறங்கிறேல்லை."

"அதைத்தான் நானும் கேட்டனான். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

கடைசியில் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தோம். அண்ணையால் உரக்கக் கதைக்க முடியாது. அண்ணி கதைத்தா, அண்ணை பக்கத்தில் இருந்து கையால் திருத்தினார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போன் மேசையில் கிடந்தது.

"சுகமில்லாதவைக்கு விதிவிலக்கு இருக்குத்தானே, அம்மா," என்றார் ஐயர்.

அண்ணை கையை ஆட்டினார்.

"விதிவிலக்கு வேண்டாமாம், ஐயா."

"அப்ப பாலும் பழமும் எடுக்கட்டும்."

"அது இறங்காது ஐயா. ஐஸ்கிரீம் மட்டும்தான் இறங்கிறது."



"ஐஸ்கிரீமோ? முட்டை போட்டதோ?"

"இல்லை ஐயா. பெட்டியில வாசிச்சுப் பாத்திட்டம். பாலும் கிறீமும் சீனியும்தான்."

"எங்கை வாங்கிறனீங்கள்?"

"மருந்துக்கடையில."

"மருந்துக்கடையிலயோ? டொக்டர் ஆக்கள் சாப்பிடச் சொன்னவையோ?"

"ஓம், ஓம். சொன்னவை."

"அவை சொல்லி, மருந்துக்கடையில வாங்கிறனீங்கள் எண்டால் அது மருந்துதானே அம்மா. விரதகாரர் மருந்து எடுக்கலாம். யோசியாமல் எடுக்கச் சொல்லுங்கோ."

அண்ணை எழுந்து போய்த் தான் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நோவுக் குளிசைப் போத்தலைக் கொண்டுவந்து வனிலாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே நீல எழுத்து. கடைச் சங்கிலி தன் சொந்தப் பெயரைப் பஞ்சிலிருந்து பிஸ்கட் வரை எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதோடு அவர் அதை மருந்தாகவே எடுக்கத் தொடங்கினார். காலையில் முழுகி, திருநீறு பூசி, சுவாமி அறையில் கும்பிட்டுவிட்டு மேசைக்கு வருவார். வேளை தவறாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுப்பார். வேளைக்கு நடுவில் ஒரு கரண்டிகூடத் தொடமாட்டார். அண்ணி இன்னும் கொஞ்சம் போடப் போனால் கிண்ணத்தைக் கையால் மூடுவார்.

"மருந்தைக் கூட்டி எடுக்கிறதோ?"

"நிறை வேணுமெல்லே!"

"வேளைக்கு வேளை எடுத்தா நிறை தானா வரும்."

இந்தக் கணக்கில்தான் பிழை வந்தது. வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போகும்போது நாலைந்து பெட்டியாக வாங்கி வைப்போமா என்று கேட்டேன். அண்ணை மறித்துவிட்டார்.

"மருந்தை ஆரும் சீனி மாதிரி வாங்கி அடுக்கி வைப்பினமோ? முடிய முடிய வாங்கினாப் போதும்."

சரியென்று, நாலு கிண்ணம் மட்டும் கொள்ளும் அந்தச் சின்னப் பெட்டியில் ஒன்றே வாங்கினேன். வேறு நேரமாக இருந்தால் எனக்கு நினைவு வந்திருக்கும், ஐப்பசியில் அந்தப் பிறீசர் வற்றும் என்று. சனிக்கிழமை காலை பெட்டி முடிந்து நான் போனபோது பிறீசரின் மின்வயர் கழற்றிச் சுருட்டப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு பலகை. பலகையில் ஹலோவீன் மிட்டாய்ப் பொதிகள். காசாளரிடம் கேட்டேன். ஐஸ்கிரீம் முடிந்துவிட்டது, இனி வசந்தத்தில்தான் என்றார்.

அதே வீதியில், நாலு கடை தள்ளி இருக்கும் பலசரக்குக் கடையில் ஐந்தாறு வகை வனிலா இருந்தது. முட்டை இல்லாததாகப் பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணை பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எங்கை வாங்கினது?"

சொன்னேன்.

"அப்ப இது சாப்பாடு," என்று தள்ளி வைத்துவிட்டார்.

"அண்ணை, இரண்டும் ஒரே சாமான். அதுவும் பால், இதுவும் பால்."

"ஐயர் என்ன சொன்னவர்? மருந்துக்கடை எண்டு சொன்னவர். நீ ஐயரோ?"

அன்று மத்தியானம் அவர் தண்ணீர் மட்டும் குடித்தார். பாலைக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை, இருமினார். வியாழனுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அண்ணி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. மருந்துக்கடை வெறும்பெட்டி கழுவிக் கவிழ்த்தபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

"தம்பி, இதுக்குள்ள அதை மாத்தி வைப்பமே? அந்த மனிசனுக்கு ருசியே தெரியாது."

உண்மைதான். தெரியாது. அண்ணி கரண்டியை எடுத்தா, பலசரக்குக் கடைப் பெட்டியின் மூடியைத் திறந்தா, கரண்டியைத் திரும்பக் கீழே வைத்தா.

"ருசி தெரியாதெண்டுதான் என்னால ஏலாமக் கிடக்கு," என்றா. "அந்தாளுக்கு இப்ப மிஞ்சினது இந்த விரதம்தான். அதையும் நான் களவெடுக்கிறதே?" மூடியைத் திரும்பப் போட்டா. "நீங்கள் போய் வேற மருந்துக்கடையளைப் பாருங்கோ. இந்தப் பேரில எத்தினை கடை இருக்கு."

முதலில் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க ஒன்றை அழுத்தவும், மருந்தாளரோடு பேச இரண்டை அழுத்தவும் என்றது பதிவுக் குரல். ஐஸ்கிரீமுக்கு எண் இல்லை. இரண்டை அழுத்தினேன். மருந்தாளர் பொறுமையான பெண். பிறீசர் முன்பக்கத்து ஆட்களின் பொறுப்பு, எந்தக் கிளையில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார். ஆகவே குளிர்ப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினேன்.

வில்லரேக் கிளை சின்னது. அங்கே பிறீசர் என்று ஒன்று இருந்ததே இல்லையாம். மொன்ட்ரியால்-நோருக்கு பஸ்ஸில் போனேன். அங்கே பிறீசர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அதே முத்திரை, அதே நீள்சதுரப் பெட்டி. கையில் எடுத்தால் எல்லாம் பிஸ்கட் துண்டு போட்டது. பெட்டியில் முட்டை என்று எழுதியிருந்தது. முட்டை இல்லாவிட்டாலும் துண்டு அவர் தொண்டையால் போகாது. திரும்ப வைத்தேன்.

ஆரி-புராசாவில் மெத்ரோ பிடித்து ஆற்றுக்கு அடியால் லவாலுக்குப் போனேன். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பெரிய கிளை ஒன்று. பிறீசர் வாசலுக்குப் பக்கத்திலேயே, நிறைந்து, வெளிச்சம் போட்டு இருந்தது. பாதிக்கு மேல் வனிலா. ஐப்பசியில் இது எப்படி என்று அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் எனக்கு வரும் பிரெஞ்சில் கேட்டேன். அவள் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள். எதிர்ப்பக்கத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடம், முதியோர் விடுதி.

"அவர்களுக்குக் குளிர்காலம் கிடையாது, மெஸ்யூ," என்றாள். "பல் இல்லாதவர்கள், மருந்து குடித்து வாய் கசந்தவர்கள். பனிப்புயலிலும் வனிலாவுக்கு வருவார்கள். நாங்கள் நிறுத்தினால் எங்களை உதைப்பார்கள்."

பை கொள்ளும் அளவுக்கு வாங்கினேன். மெத்ரோவுக்குள் வெக்கை. என் மேற்சட்டையைக் கழற்றிப் பையின் மேல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுதுபடவில்லை. அண்ணை பெட்டியில் முத்திரையைப் பார்த்தார், எங்கே வாங்கினது என்று கேட்டார்.

"லவாலில. மருந்துக்கடையில."

"லவாலுக்கோ போனனி? மழையுக்கையோ?" என்றார். பிறகு அண்ணியிடம், "இஞ்சாரும், இவனுக்கு ஒரு தேத்தண்ணி குடும்," என்றுவிட்டு முழுகப் போனார். மத்தியான வேளை தப்பிவிட்டதால் இரண்டு கிண்ணம் எடுக்கலாமா என்று அண்ணி கேட்டா. தப்பின வேளை மருந்தைச் சேர்த்து எடுக்கக் கூடாது என்று குளிசைத் தாளில் போட்டிருக்கிறது என்றார். ஒன்றுதான் எடுத்தார்.

திங்கட்கிழமை சூரன்போருக்குக் கோயிலுக்குப் போகும் பலம் அவருக்கு இல்லை. போனில் காட்டினோம், பார்த்தார். செவ்வாய்க்கிழமை பாறணைக்கு அண்ணி சோற்றைக் கரைத்து, மோர் விட்டு, வடித்துக் கொடுத்தா. நாலு கரண்டி போயிற்று. பாறணை வழக்கப்படி பொன்னாங்காணிக் கீரையும் சமைத்துத் தட்டில் ஒரு ஓரமாக வைத்தா. அவர் அதைக் கையால் தொட்டுக் கும்பிட்டார்.

வியாழன் காலை மருத்துவமனையில் நானும் அவரோடு உள்ளே போனேன். அண்ணி வரமாட்டேன் என்று வெளியில் நின்றுவிட்டா. சப்பாத்தைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, பொக்கற்றில் இருந்த சாவியையும் என்னிடம் தந்துவிட்டு நிறை பார்க்கும் தட்டில் ஏறினார். சாவியை வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். உணவு ஆலோசகர் எண்ணைப் பார்த்தார், கணினியில் பழைய எண்ணைப் பார்த்தார், இறங்கித் திரும்ப ஏறச் சொன்னார்.

குறையவில்லை. கூடவும் இல்லை. இந்த வாரங்களில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன். விரதத்தைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இனி இப்படிச் செய்வதென்றால் முன்கூட்டி எங்களிடம் கேளுங்கள் என்றார். பிறகு, இப்போதைக்குக் குழாய் வேண்டாம், இரண்டு வாரத்தில் வாருங்கள், நீர்ச் சாப்பாட்டை மெல்ல மெல்லக் கூட்டுங்கள் என்றார். அண்ணை தலையாட்டிவிட்டுச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். கட்டி முடிக்க நேரம் எடுத்தது. நான் உதவிக்குக் கை வைக்கவில்லை.

வெளியில் அண்ணி சுவரோடு நின்றுகொண்டிருந்தா. பக்கத்தில் கதிரைகள் வெறுமையாக இருந்தன.

"என்னவாம்?"

"ரியூப் இல்லையாம்," என்றார் அண்ணை.

அண்ணி கதிரையில் உட்கார்ந்தா. கைப்பையைத் திறந்து எதையோ தேடினா, திரும்ப மூடினா.

"வேற என்னவாம்?"

"தண்ணிச் சாப்பாட்டைக் கூட்டட்டாம்," என்றேன்.

"அப்ப நாளையில இருந்து வடிச்ச கஞ்சி. காலமையும் பின்னேரமும்."

அண்ணை கோட்டுக்குள் ஒரு கையை விட்டபடி நின்றார்.

"உம்மட கஞ்சியோ? ஓடிப்போய் அந்தப் பொம்பிளையிட்டச் சொல்லு தம்பி, ரியூப்பே பரவாயில்லையாம் எண்டு."

அண்ணி கழுத்துத் துண்டால் அவர் கையில் ஒன்று போட்டா. பிறகு அவரின் மற்றக் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் விட்டு, கழுத்து வரை பொத்தானைப் பூட்டினா.